ஸ்டெப்பு போடாத அப்பா

கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பாக்களுக்கு ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு கண்டம் உண்டு. நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போயிருக்காது. அதற்குள் ஏழாம் வகுப்பு மகள் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“ஒரு எண்ணின் மூன்று மடங்குடன் ஏழைக் கூட்டினால் 52. அந்த எண்...”

“பதினஞ்சு.”

“ஸ்டெப்பு?”

“இதுக்கெதுக்கு அம்மிணி ஸ்டெப்பு? ஏழைத் தள்ளு, நாப்பத்தஞ்சு. மூணு பங்கு வையி. முடிஞ்சுது.”

“மொதல்ல ‘எக்ஸ் என்க’ன்னு போடோணுமுங்ப்பா.”

“அதான் பதினஞ்சுன்னு தெரிஞ்சு போச்சே! அப்பறமும் ஆரோ எவரோன்னு எழுதுனா எப்புடி?”

இவரை லேசாக நினைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு சாமான் ஒன்றின் அளவுகளைச் சொன்னால் போதும். கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று மனசுக்குள்ளேயே பெருக்கி எடையைச் சொல்லிவிடுவார். தப்பித் தவறி எழுதினாலும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்தான். அதிலும் விடை மட்டும் இருக்கும், வட்டம் போட்டு.

பார்க்கப்போனால் இயற்கணிதத்தின் மூலவரே இவர் கட்சிதான். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள ‘அல்ஜபர்’தான் பிறகு அல்ஜீப்ரா ஆனது. அந்த நூலில் எக்ஸும் இல்லை, சமக்குறியும் இல்லை, எல்லாம் வார்த்தையிலேயே. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் கொண்டுவந்தார். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடும் வழக்கம் 1637-இல் வந்த டேகார்ட்டின் நூலால் பரவியது. அல்குவாரிஸ்மி நூலில் ஒரு பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்கு என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போகும்.

மகளின் அடுத்த கணக்கும் அதுதான். 18 ஏக்கரை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்கிறார்கள். அண்ணனுக்கு நாலு ஏக்கர் கூடுதல்.

“தம்பிக்கு ஏழு, அண்ணனுக்குப் பதினொண்ணு” என்றவர், திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதென்ன, அண்ணனுக்கு மட்டும் நாலு ஏக்கரா எச்சு? தம்பி சும்மா உட்டானா? கெணறு ஆரு பங்குல வருது?”

“கெணறெல்லாம் கணக்குல இல்லீங்ப்பா.”

“கெணறில்லாத பூமிய வாங்கி என்ன பண்றது?”

இடமாற்று முறைக்கு மட்டும் அவரே ஒரு பாடம் வைத்திருக்கிறார். சமக்குறிதான் வாளையார் செக்போஸ்ட். தாண்டினால் தமிழ் மலையாளமாகிற மாதிரி, கூட்டல் கழித்தலாகிவிடும். “எங்க மிஸ், ‘தராசு மாதிரி, ரெண்டு தட்டுலயும் ஏழை எடு’ன்னாங்க” என்றாள் மகள். மிஸ் சொன்னதுதான் சரி. ஆனால் வாளையார் மறக்காது.

பரீட்சைத் தாள் வந்தது. விடையெல்லாம் சரி, மார்க் பாதி. “சரியான விடைக்கு மார்க்கைக் கொறைக்கறது எந்த ஊரு நாயம்?” என்று பொருமிக்கொண்டிருந்தபோது இரும்புக் கடைப் பையன் பில் கொண்டுவந்தான். மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது.

“ஏந்தம்பி, எடை எங்க? ரேட்டு எங்க? ஜிஎஸ்டி எங்க? கடைசி ரூவாய மட்டும் போட்டா நான் என்னத்தக் கண்டேன்? ஒண்ணொண்ணா வரிசையா எழுதிக் கொண்டா, போ.”

உள்ளே இருந்து குரல் வந்தது: “அதுக்குப் பேருதானுங்ப்பா ஸ்டெப்பு.”