சும்மா இருப்பவர் கணக்கு

எங்கள் ஊரைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியை ஒருவர் புத்தகம் போட்டிருக்கிறாராமே, நிஜமா? (ஆரணி)

நிஜம்தான். பார்பரா ஹாரிஸ்-ஒயிட். 1969-ல் கேம்பிரிட்ஜிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே டெல்லி வந்து சேர்ந்தவர். 1973-ல் ஆரணிக்கு வந்தார். அரிசி வியாபாரம், மளிகை, வட்டிக்கடை, பட்டு என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி, யார் முதல் போட்டார்கள், யார் கூலிக்கு நிற்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து அதே கேள்விகளைக் கேட்டார். அவருடைய ‘மிடில் இந்தியா’ என்ற தொகுப்புக்குத் துணைத்தலைப்பே நாற்பதாண்டு மாற்றம் என்பதுதான். நம் வீட்டு மாப்பிள்ளைகூட ஊருக்கு இவ்வளவு ஒழுங்காக வந்துபோக மாட்டார்.

எப்பப் பார்த்தாலும் ஆரணிக்குத்தான் மவுசு. எங்கள் பக்கம் எந்தப் பொருளாதார நிபுணரும் எட்டிப் பார்க்கவில்லையா? (செய்யாறு)

கோபிக்காதீர்கள், நீங்கள்தான் மூத்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களைக் கிராமக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார். வட ஆர்க்காட்டில் அவர் பிடித்த கிராமம் உங்கள் பக்கத்துத் தூசி. காஞ்சிபுரம் போகும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே தாண்டுகிறீர்களே, அந்தத் தூசிதான். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி கணக்கெடுத்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் இன்னொரு முறை. தூசி தட்டித் தூசி தட்டி எழுதிய கணக்கு!

குகனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக அரசின் நிதிக் கணக்கைப் பார்த்தவர், பிறகு ஏழைகளின் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார். முதியோருக்கு உதவித்தொகை, சம்பாதிப்பவர் போய்விட்டால் குடும்பத்துக்கு உதவி, பேறுகாலத்துக்கு உதவி இவற்றுக்கெல்லாம் அரசால் காசு ஒதுக்க முடியும் என்று முன்பே கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். அந்த மூன்றையும் சேர்த்து மத்திய அரசின் சமூக உதவித் திட்டம் 1995-ல்தான் வந்தது.

பசுமைப் புரட்சியால் வட ஆர்க்காடு விவசாயிக்கு லாபமா, நஷ்டமா? ஒரே வரியில் சொல்லவும். (போளூர்)

இந்தப் பக்கத்துக் கிராமங்களையும் இலங்கையையும் ஆராய்ந்து 1977-ல் வந்த கேம்பிரிட்ஜ் நூலின் தலைப்பு: ‘பசுமைப் புரட்சியா?’ கேள்விக்குறியோடு.

பொருளாதாரம் என்றால் பட்ஜெட், பங்குச்சந்தை. சோறு, நோய், குடும்பத்தை எல்லாம் எதற்கு அதில் இழுக்கிறார்கள்? (வந்தவாசி)

பங்குச்சந்தை விழுந்தால் உங்கள் வீட்டில் அடுப்பு அணைகிறதா? வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தால் அணைகிறது. அதனால்தான். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கினாரே, அதைப் பற்றி பார்பரா 1991-ல் ஒரு நூலே எழுதினார். வீட்டுக்குள் சோறு யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் விடவில்லை. பானை ஒன்று என்பதால் பங்கும் ஒன்று என்று நினைக்கக்கூடாது என்பது மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் தெரியும். பொருளாதாரத்துக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, பார்பரா சூசன் எர்ப் என்பவருடன் சேர்ந்து தமிழகக் கிராமங்களில் உடல் ஊனமுற்றோரைப் பற்றிச் செய்த ஆய்வு. ஒருவருக்குக் கண் போனால், கால் போனால் வீட்டுக்கு என்ன செலவு? நாம் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் எடுத்து நீட்டுவோம். அவர்கள் மூன்று கணக்கு எழுதினார்கள். வைத்தியச் செலவு ஒன்று. அவர் சம்பாதிக்காமல் போன கூலி இரண்டு. மூன்றாவது, அவரைப் பார்த்துக்கொள்ளத் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவரின் நாட்கள். அந்த இன்னொருவர் பெரும்பாலும் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கணக்கெடுக்க வந்தவர் “மனைவி என்ன செய்கிறார்?” என்றார். “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்றேன். சரிதானே? (பட்டு நெசவாளர், ஆரணி)

ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் குழித்தறியில் இருந்தார். ‘சும்மா’ இருந்த அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் குக்கர் விசில் அடிக்க எழுந்து போனார், திரும்பி வந்தார், தாரைத் தொட்டார். அதற்குள் இங்கே ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்திவிட்டு இவர் குரல் கொடுக்க, அந்த அம்மா குனிந்து இழையைப் பிணைத்துவிட்டு மறுபடி ராட்டைக்குப் போனார். எனக்குக் காபி வேறு வந்தது. சேலை முடிந்ததும் முதலாளி கூலி கொடுப்பது ஒருவர் கையில். நோட்டில் எழுதுவது ஒரு பெயர். உங்கள் மனைவி ஒரு நாள் நிஜமாகவே சும்மா இருந்து பார்க்கட்டும், உங்கள் நாடா எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

2019-ல் மத்திய அரசே நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் போனது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், சம்பளம் இல்லாமல். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஆனாலும் ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தார்களே, அதற்கு என் ஓட்டு உண்டு.

அடுத்த முறை கேட்டால், மனைவி “நெசவுத் தொழிலாளி” என்று சொல்லுங்கள்.

பையன் பள்ளி விட்டு வந்து கோர்வைக்கு நாடா தள்ளுகிறான். சட்டப்படி தப்பா? (ஆரணி)

பதினாலு வயதுக்கு உட்பட்டவன் என்றாலும், பள்ளி நேரம் போக, விடுமுறையில், அபாயகரமானது என்று பட்டியலிடப்படாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016 திருத்தம் சொல்கிறது. தறி உங்களுடையது, பாவும் ஜரிகையும் முதலாளியுடையது என்றால் அது யாருடைய குடும்பத் தொழில்? இதைச் சட்டத்திடம் கேட்காதீர்கள், உங்களையே கேளுங்கள்.

மகள் பொருளாதாரம் எடுக்கிறேன் என்கிறாள். பெண்களுக்கு அதில் என்ன இருக்கிறது? (ஆசிரியை, செய்யாறு)

குகன் இருந்த அதே சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த பத்மினி சுவாமிநாதன் பெண்களின் கூலியில்லா உழைப்பைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். பெண்களின் வேலையையும் வருமானத்தையும் ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் நோபல். தைரியமாகச் சேருங்கள். உங்கள் மகளுக்குச் செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலை பஸ்களே போதும், முனைவர் பட்டத்துக்கு. விடியும்முன் சமைத்து வைத்துவிட்டு ஓடிவந்து ஏறுகிற பெண்களிடம் நாலு கேள்வி கேட்டால் பாதி ஆய்வு முடிந்தது.

சம்பந்தர் பாடி நம்ம ஊர் ஆண்பனை காய்த்த மாதிரி, ஆண்கள் வீட்டு வேலை செய்யும் அதிசயம் எப்போது? (இல்லத்தரசி, திருவத்திபுரம்)

பனை ஒரே பதிகத்தில் காய்த்துவிட்டது, அம்மா. மேலே சொன்ன அதே 2019 நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அவர்கள் செய்ததும் நாளுக்கு 97 நிமிடம்தான். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இன்னும் 202 நிமிடம் இருக்கிறது.