தூக்கத்துக்கு ஒரு கணக்குப்பிள்ளை

எங்கள் தெருவில் யார் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்பது ரகசியமாக இருந்ததே இல்லை. "நேத்து ரெண்டு மணிக்கு உங்க ஹால்ல லைட் எரிஞ்சுதே தம்பி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று எதிர்வீட்டு அக்கா காலையிலேயே விசாரித்துவிடுவார். இரண்டு மணிக்கு அவர் ஏன் விழித்திருந்தார் என்று கேட்கும் துணிச்சல் தெருவில் யாருக்கும் கிடையாது. வீட்டுக்குள்ளே மனைவி. 'ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை' என்று நான் புலம்பிய ஒரு காலையில், என் குறட்டையை போனில் போட்டுக் காட்டினாள். நல்ல தெளிவான பதிவு.

இந்த வழக்கைத் தீர்த்துவைக்க வந்தவன் என் சொந்த அக்கா மகன். "மாமா, கையில ஒரு பேண்ட் கட்டிக்கோங்க. எல்லாத்தையும் அதுவே குறிச்சுக்கும்" என்றான். தன்னிடம் சும்மா கிடந்த ஒன்றைக் கொண்டுவந்தும் கொடுத்தான். அதற்கான ஆப்பைத் திறந்தால், பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்காத கேள்விகள். பிறந்த தேதி, உயரம், எடை, மின்னஞ்சல். அடுத்து, நான் இருக்கும் இடம்.

"தூங்கறவன் கட்டில்லதாண்டா இருப்பான். இடம் எதுக்கு?"

"பழைய ஆண்ட்ராய்டு போன்ல ப்ளூடூத் பொருளைத் தேடணும்னாலே லொகேஷன் அனுமதி கேட்கும் மாமா."

சரி, போன் நம்பர்கள் எல்லாம் எதற்கு? யார் கூப்பிடுகிறார்கள் என்று கையிலேயே காட்டுமாம். அதாவது, நள்ளிரவில் கையைக் குலுக்கி எழுப்பிவிடும். பிறகு 'இடையில் விழிப்பு' என்று அதுவே எழுதியும் வைத்துக்கொள்ளும்.

இத்தனையும் வாங்கிக்கொண்டு அது செய்வது என்ன? பச்சை விளக்கை மணிக்கட்டில் அடித்து, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. கை அசைகிறதா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளையே பார்ப்பார்கள். பேண்ட் வெறும் ஊகக்காரன். மின்விசிறியைப் பார்த்தபடி, அசையாமல், வீட்டுக்கடன் தவணையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தால், அதையும் 'லேசான தூக்கம்' என்று வரவு வைத்துவிடும். காலையில் மார்க் வேறு. மார்க் குறைந்ததே என்ற கவலையில் தூக்கத்தைத் தொலைப்பவர்களைப் பற்றி எழுதிய அமெரிக்க ஆய்வாளர்கள், 2017-இல் அந்தத் தொல்லைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தப்பாக எழுதினாலும் போகிறது. எழுதிய நோட்டை எங்கே வைக்கிறது என்பதுதான் என் கேள்வி. நம் வீட்டு வரவுசெலவை எழுதிவிட்டு, நோட்டை முன்பின் தெரியாதவர் வீட்டுப் பெட்டியில் பூட்டிவைக்கும் கணக்குப்பிள்ளையை யாராவது வேலைக்கு வைப்பார்களா? பெட்டி கைமாறவும் செய்யும். இப்படி பேண்ட் செய்யும் ஃபிட்பிட் நிறுவனத்தை 210 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் 2019-இல் அறிவித்தது. 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. ஃபிட்பிட் சேர்க்கும் உடல்நலத் தகவலை 10 ஆண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது, ஐரோப்பாவில் தூங்குகிறவர்களுக்காக. நாம் தூங்குவது ஆவடியில்.

பெட்டியின் சாவி தொலைவதும் உண்டு. 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைக் கொள்ளைக்காரர்கள் முடக்கியபோது, தங்கள் கையில் கட்டிய கடிகாரத்தின் கணக்கைத் தங்கள் போனில் பார்க்க முடியாமல் உலகம் முழுக்கப் பலர் நாள்கணக்கில் விழித்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் எல்லாம் தெரியும்தான். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். செய்தி பால் பூத்தைத் தாண்டாது. அடுத்த வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் என் தூக்கம் மறந்தும் போகும். பேண்டின் நோட்டு போய்ச் சேரும் கம்பெனி சர்வருக்கு மறதி கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், 'என் தகவலை அழி' என்று கேட்கும் உரிமையும் உண்டு. கொடுத்துவிட்டு அழிக்கச் சொல்வதைவிட, கொடுக்காமல் இருப்பது சுலபம் என்று எனக்குத் தோன்றியது.

மருமகன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். "நெட் இல்லாம வேலை செய்யற பேண்ட் இருக்கா?" கடைக்காரப் பையன் இரக்கத்தோடு பார்த்தான். "சார், வீட்ல வைஃபை இல்லையா?" மாதச் சந்தா கேட்கும் மோதிரம்கூட உண்டு என்றான். என் தூக்கத்துக்கு நானே வாடகை கொடுப்பதா!

கடைசியில் மருமகனே வழி கண்டுபிடித்தான். கேட்ஜெட்பிரிட்ஜ் என்று ஓர் இலவச ஆண்ட்ராய்டு ஆப், எஃப்-டிராய்டு என்ற ஆப் கிடங்கில் கிடைக்கிறது. அதற்கு இணைய அனுமதியே கிடையாது. பேண்ட் எழுதுவது போனோடு நின்றுவிடும். எந்தெந்த பேண்டுகளோடு ஒத்துப்போகும் என்று பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேண்டை வாங்க வேண்டும். சிலவற்றுக்கு ஒரே ஒரு முறை கம்பெனி ஆப்பில் நுழைந்து ஒரு சாவி எண்ணை வாங்கிவர வேண்டியிருக்கும். நிரல் முழுக்கத் திறந்தே இருக்கும் பேங்கிள்.ஜேஎஸ் போன்ற கடிகாரங்களும் உண்டு. நோண்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: அக்கவுண்ட் இல்லாமல் ஓடுமா? நெட்டை அணைத்தாலும் கணக்குக் காட்டுமா? வேண்டாம் என்றால் அழிக்க முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு அவர் தலையைச் சொறிந்தாலும், பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த நேரம் என்று இரண்டு வாரம் குறித்துவரச் சொல்வது தூக்க மருத்துவர்களின் பழைய வழக்கம்தான். நோட்டுக்குச் சார்ஜும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம்.