மொய் நோட்டை மூடிட்டு உக்காரு, பேராண்டி

வாடா பேராண்டி. ‘விடாது கருப்பு’ நாடகம் பூராத்தையும் யூடியூப்ல பாத்து முடிச்சிட்டியாமே! அதுவும் ராப்பகலா, ஓட்டத்தைக் கூட்டி வச்சு, பாட்டு வந்தா தாண்டித் தாண்டி. பாவம், கருப்போட குதிரை அதுபாட்டுக்கு ஊரைச் சுத்தி வந்துக்கிட்டிருந்துச்சு. நீ அதைப் பந்தயக் குதிரையா அடிச்சு விரட்டிட்டு, இப்ப வந்து “சவசவன்னு இருக்கு தாத்தா”ங்கிற. விரட்டுனவனுக்கே சவசவன்னு இருந்தா, ஓடுன குதிரைக்கு எப்படி இருந்திருக்கும்?

1997, 98ல சன் டிவியில வந்தப்ப வாரத்துக்கு ஒருக்காத்தான் காட்டுவாக. மிச்ச நாளெல்லாம் எங்களுக்குப் பொழப்பே அதுதான். கொலைகாரன் யாருன்னு டீக்கடையிலதான் விசாரணை. டீ மாஸ்டருக்கு, கதையில ஊருக்கு வந்த டாக்டரம்மா மேல சந்தேகம், ஏன்னு கேட்டா, “நம்ம ஊருக்கு எந்த டாக்டரு தானா வந்திருக்காக?”ன்னாரு. பால்காரரு, யாரு ரொம்ப நல்லவனா பேசுறானோ அவன் பேரைச் சொல்லுவாரு. சாமியே நேரா வந்துதான் வெட்டுதுன்னு ஒத்தக் கால்ல நின்னவரும் ஒருத்தரு உண்டு. அவருக்குக் கொடுக்கல் வாங்கல்ல கொஞ்சம் கோளாறு. தப்புப் பண்ணவனைக் கருப்பு தேடி வந்து தண்டிக்கிற கதையாச்சா, மனுசன் பொழுது சாஞ்சா கம்மாக்கரைப் பக்கமே போக மாட்டாரு. போன வருசத்து வட்டியைக்கூட அந்த மாசம் கொண்டாந்து குடுத்துட்டாரு. உன் காலத்து நாடகம் எதாச்சும் ஒண்ணு இப்படிக் கடன் வசூல் பண்ணிருக்கா, சொல்லு?

இப்ப உன் ரெண்டாவது குத்தத்துக்கு வருவோம். “நாவல்ல இப்படி இல்ல தாத்தா!” சரி, நீ படிச்சவன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதுன ‘விட்டு விடு கருப்பா’வை வரி விடாம படிச்சிருக்க. அதுக்காக, கல்யாண வீட்டு வாசல்ல மொய் நோட்டை விரிச்சு வச்சு உக்காந்திருக்க ஆளு மாதிரி, இது வந்துச்சா, அது வந்துச்சா, இது கொறையுதேன்னு பேனாவும் கையுமா உக்காந்திருந்தா, பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியை எப்படா பாப்ப? பந்தியில எப்ப உக்காருவ?

புத்தகம்னா, பயந்து வந்தா கடைசிப் பக்கத்தைப் பொரட்டிப் பாத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம். டிவிப் பொட்டியில கடைசி வாரத்தை யாரும் பொரட்ட முடியாது. அதனாலதான் டைரக்டரு நாகா வேற வழியைப் பிடிச்சாரு. அன்னைக்கு நடந்தது ஒரு பக்கம், இன்னைக்கு நடக்கிறது ஒரு பக்கம்னு ரெண்டு காலத்தையும் மாத்தி மாத்திக் காட்டி, அந்தக் காலத்துச் சின்னப் பய இந்தக் காலத்துல யாரா இருப்பான்னு நம்மளைக் கூட்டிக் கழிக்க விட்டாரு. நீ என்னடான்னா “கொழப்புது”ங்கிற. உன் அப்பத்தா ஒரு எழவு வீட்டுச் சேதியைச் சொன்னா, செத்தவரு பொறந்ததுல ஆரம்பிச்சு, நேத்துச் சோத்துக்கு வந்து, மறுபடி அவரு கல்யாணத்துக்குப் போயி, நடுவுல என்னையும் வஞ்சுட்டுத்தான் முடிப்பா. அதைக் கேட்டு வளந்தவனுக்கு இதுல என்னடா கொழப்பம்?

உனக்குப் பெரிய மனத்தாங்கல் முடிவுலதான்னு தெரியும். அம்புட்டு நேரம் சாமி, குதிரை, அருவான்னு காட்டிட்டு, கடைசியில மனசுல வந்த நோயின்னு டாக்டரு பாசையில சொல்லிட்டாகளேன்னு உனக்கு ஆத்திரம். உன் சேக்காளிக்கு அதுவே பெருமை: “பாத்தீங்களா, சாமியும் இல்ல பூதமும் இல்ல, அறிவியல்!” ரெண்டு பேரும் டவுன்ல போயி படிச்சவுக, அடிச்சுக்கங்க. எங்க டீக்கடையில இந்தச் சண்டையே வரல. ஏன் தெரியுமா? கருப்பு என்னைக்குடா ஒத்தையா வந்து வேலை பாத்துச்சு? ஒரு ஆளு மேல எறங்கித்தான் வரும். அந்த ஆளுக்கு அருள் இருக்கப்ப என்ன செஞ்சோம்னு நெனப்பு இருக்காது. தண்ணியை மூஞ்சியில அடிச்சு எழுப்புனா, “எனக்கு என்ன ஆச்சு?”ன்னு நம்மளையே கேப்பான். டாக்டரம்மா அதையே சுத்தி வளைச்சுச் சொல்லி, அதுக்கு வாயில நொழையாத ஒரு பேரும் வச்சாக. பால்காரரு கேட்டுட்டு, “இதைத்தானே நான் மொத வாரமே சொன்னேன்”னுட்டு டீயைக் குடிச்சாரு. அவரு மொத வாரம் சொன்னது வேற. அதை நாங்க யாரும் ஞாபகப்படுத்தல.

ஒண்ணு மட்டும் நீ ஒத்துக்கிடணும். கதையில வர்ற தோட்டக்காரமங்கலத்துல கொலைகாரனைத் தேடுன கூட்டத்துல, நடிச்ச சேத்தனும் தேவதர்ஷினியும் நெசத்துலயே ஒருத்தரை ஒருத்தரு தேடிக் கண்டுபிடிச்சுக் கல்யாணம் முடிச்சுக்கிட்டாக. நீயும் ராத்திரி பூரா பாத்த. கண்ணு செவந்ததுதான் மிச்சம்.

கதை எழுதுன புண்ணியவான் மதுரையிலதான் இருந்தாரு. 2024 நவம்பர்ல போயிட்டாரு. “ஏங்க இப்படி மாத்துனாக?”ன்னு நேர்ல கேட்டிருக்கலாம், பஸ்ஸுக்குக் காசு குடுத்திருப்பேன். நீ அப்ப மொபைல்ல வேற எதையோ ஓட்டத்தைக் கூட்டி வச்சுப் பாத்துக்கிட்டிருந்த.

கடைசியா ஒரு கண்டிசன். உன் சித்தி மக இன்னைக்குத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கா. ஆளு யாருன்னு அவகிட்ட வாயைத் தொறந்தீன்னா, அழகர்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில பூட்டுன கதவுக்கு முன்னால நின்னு, இனிமே சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணணும். எடத் தகராறு, வெட்டுக்குத்து வழக்கெல்லாம் அங்க சத்தியத்துல தீந்திருக்கு. உன் வாய் ஒரு பெரிய வழக்கில்ல. ஏற்கெனவே சொல்லிட்டியா? அப்ப இன்னைக்கு ராத்திரி மாடியில படுக்காத, அப்பத்தா பக்கத்துல படு. நான் சும்மாதான் சொல்றேன்.

சரி, இன்னொரு நாடகம் ‘சொர்ண ரேகை’ யூடியூப்ல இருக்காடா? போடு பாப்போம். வேகத்தைக் கொறைச்சு வையி. நீ அந்தக் கதையையும் படிச்சவன்னா, எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி வச்சுட்டு வா.