சல்லடைச் சித்தர்

பைத்தான் எழுதும் ஆபீஸ் எதுவாக இருந்தாலும் இவர் ஒருவர் இருப்பார். பட்டியல் என்று எதைக் கண்டாலும் விரல் நமநமக்கும். கேன்டீன் மெனுவைக்கூட நேராகப் படிக்கமாட்டார். "தோசைன்னு முடியிறதை மட்டும் உருவுறது ஒரே வரிதான்" என்பார்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "சார், இதுல டாட் சிஎஸ்வின்னு முடியிற ஃபைல் மட்டும் வேணும்" என்று கேட்டுவிட்டாள் என்று வையுங்கள். அதற்கென்றே பைத்தானில் எண்ட்ஸ்வித் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால், கச்சேரியில் சினிமாப் பாட்டு கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எழுத்துகளின் அமைப்பைக் குறிகளால் சொல்லித் தேடும் ரெஜெக்ஸ்தான் எழுதுவார். அதில் வெறும் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்திவிடும் என்பதால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும்; அவசரத்தில் போடமாட்டார். 'பழையசிஎஸ்வி' என்ற ஃபோல்டரும் விடையில் வந்து உட்காரும். "டேட்டா சரியில்லம்மா" என்பார்.

அவருடைய முழு வித்வத்தையும் பார்க்க வேண்டுமானால் சம்பளப் பட்டியலில் சுப்பிரமணியன்களைத் தேடச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எம்மில் முடிப்பவர், என்னில் முடிப்பவர், நடுவே எச் நுழைப்பவர், ஐ இருக்கவேண்டிய இடத்தில் ஒய் போடுபவர் என அத்தனை பேரையும் ஒரே வரியில் பிடித்துவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூடவே பாலசுப்பிரமணியனும் சிவசுப்பிரமணியனும் வருவார்கள். அவர்களை விரட்ட, பெயர் இங்கேதான் தொடங்கவேண்டும் என்று முன்னால் கேரட் குறியை நடுவார். நம்மவர்கள் இனிஷியலை முன்னால் அல்லவா போடுகிறார்கள்! கே. சுப்பிரமணியனிலிருந்து வி. சுப்பிரமணியன் வரை மொத்தப் பேரும் காணாமல் போக, இனிஷியலைப் பின்னால் போட்ட ஒரே ஒருவர் மிஞ்சுவார். சொல்லெல்லைக் குறி ஒன்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இனிஷியலுக்குத் தனியாக ரெஜெக்ஸ் எழுதும் வாய்ப்பை யார் விடுவார்கள்?

பெயர்கள் தமிழில் இருந்துவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிடப் போகமாட்டார். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே சேர்ப்பதில்லை. சொற்களைப் பிரி என்றால் 'முருகன்' ம, ர, கன என்று மூன்று துண்டாக விழுவார்.

"பெர்ல்ல இருந்த சுகம் வராதுப்பா" என்று பெருமூச்சு விடுவார். 1987இல் வந்த அந்த மொழியில் ரெஜெக்ஸ் இலக்கணத்தோடேயே பிறந்தது. கிரெப் என்று எழுதினால் பட்டியல் வடிந்துவிடும். பைத்தானில் முதலில் இம்போர்ட் செய்ய வேண்டியிருப்பதை அவமானமாகவே எடுத்துக்கொள்கிறார்.

2019 ஜூலை 2ஆம் தேதி, இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் ஃபயர்வாலில் ஏற்றிய ஒரு ரெஜெக்ஸ், முன்னும் பின்னுமாகத் தேடித் தேடியே சர்வர்களின் சிபியு முழுவதையும் விழுங்கியது. அதன் பின்னால் இருந்த எத்தனையோ தளங்கள் 27 நிமிடம் படுத்துவிட்டன. எச்சரிக்கைக் கதையாக இதை நாம்தான் அவரிடம் சொல்வோம். அவர் கண் பனிக்கக் கேட்டுவிட்டுச் சொல்வார்: "ஒரே வரிய்யா! நான் எழுதுறதெல்லாம் என்னிக்காவது இந்த மாடியைத் தாண்டியிருக்கா?"