காத்து பிரிஞ்சுதா?

1978 தீபாவளிக்கு மறுநாள் என் அண்ணனுக்கு வயிற்று வலி வந்தது. மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர், ஐப்பசி அடைமழை. அவனுக்குப் பதினாறு வயது. முதல்நாள் அதிரசத்தை எண்ணாமல் தின்றவன். ஆகவே என்ன நோய் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். அதற்கும் கேட்கவில்லை என்றதும் தெருக்கோடிக் கிழவி வரவழைக்கப்பட்டாள். "குடல் ஏறிக் கெடக்கு" என்று விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை வழித்துவிட்டாள். மிஞ்சிய எண்ணெயில் ஒரு கரண்டி அவன் வாய்க்குள் போனது. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால், வயிற்றைப் பிசைந்தால், அது உடைந்துபோகலாம். இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அத்தனை பேரும் சேர்ந்து அன்பாகவே அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

நடுராத்திரியில் வலி தொப்புளை விட்டு வலப்பக்கம் கீழே இறங்கியது. காய்ச்சல், வாந்தி. மாட்டு வண்டியில் போட்டு மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் அலறினான். அங்கிருந்து ரைஸ் மில் முதலாளியின் அம்பாசடர். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. டாக்டர் வயிற்றை மெதுவாக அழுத்தினார், சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது முனகியவன், எடுத்தபோது துள்ளினான். "குடல்வால். இப்பவே கிழிக்கணும். அப்பா யாரு?" அப்பா ஒரு தாளில் ஒரு கையெழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் அண்ணன் தியேட்டருக்குள் இருந்தான்.

போன வருஷம் என் மகனுக்கு அதே வலி. வேளச்சேரி, வெள்ளிக்கிழமை இரவு, முதல்நாள் பிரியாணி. என்ன நோய் என்பதில் இப்போதும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பாட்டி போய் முப்பது வருஷம் ஆகிறது. அவள் வேலையைக் குடும்ப வாட்ஸ்அப் குழு பார்த்துக்கொள்கிறது. சீரகத் தண்ணீர் ஒருவர், இஞ்சிச் சாறு ஒருவர், துபாயிலிருந்து ஒரு மச்சான் "கேஸ்தான் மாப்ள". குடல் வழித்துவிடும் முறையை விளக்கும் வீடியோகூட வந்தது. அந்தக் கிழவியாவது வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் வீணாக்கினோம். பட்டதாரிகள் நிறைந்த வீடு.

காரில் போகும்போது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவன் அலறினான். எனக்கு மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "வரும்போது ஸ்பீடு பிரேக்கர்ல வலிச்சுதா?" இது கிண்டல் இல்லையாம். 2012-இல் இங்கிலாந்தில் இதற்கென்று ஓர் ஆய்வே வெளியாகியிருக்கிறது: குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்குச் சாலைத் திட்டில் வலித்திருக்கிறது. எங்கள் ஊர் வண்டிக்காரருக்கு 1978-லேயே தெரிந்த விஷயம், அவர் பிரசுரிக்கவில்லை.

அந்தப் பெண்ணும் அழுத்தினார், எடுத்தார். இவனும் துள்ளினான். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். "முதல்ல சி.டி. ஸ்கேன் சார்" என்றார். நியாயமாகச் சொன்னால், கையை மட்டும் நம்பிய காலத்தில் ஒரு குறையும் இல்லாத குடல்வால்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஸ்கேனைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேனும் டாக்டரம்மா சொன்னதையே சொன்னது.

அதன் பிறகுதான் இன்ஷூரன்ஸ். முன் அனுமதியை ஒரு மணி நேரத்தில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சொல்லிவிட்டது. எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு கேள்வி வந்தது: இந்த வலி பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததா? காத்திருக்க முடியாதென்றால் ஒரு லட்சம் கட்டலாம் என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி, மிகுந்த மரியாதையோடு. பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பா ஒன்றுதான் போட்டார்.

ஆபரேஷன் நாற்பது நிமிஷம். வயிற்றில் மூன்று துளைகள். அண்ணனைக் கிழித்த இரண்டாம் வருஷம், 1980-இல், ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகளிர் மருத்துவர் இப்படித் துளை வழியாகக் குடல்வாலை எடுத்துக் காட்டினார். சக டாக்டர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

அண்ணனுக்கு மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே பஸ் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த அத்தை, பக்கத்துக் கட்டில்காரர், பெருக்க வந்தவர் எல்லோரும் அவனைக் கேட்டது ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா தம்பி?" பதினாறு வயதுப் பையன் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வான். மூன்றாம் நாள் விடியற்காலை அந்த நல்ல சேதி வந்தது. அப்பா வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். தையல் பிரித்து வீடு வரப் பத்து நாள்.

என் மகன் அன்று மாலையே இட்லி சாப்பிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. குழுவில் கும்பிடும் கைகள் நாற்பத்தாறு வந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். கடைசி அனுமதி வந்து லிஃப்டில் இறங்கியபோது ராத்திரி ஏழு.

அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தான். அறுபதைத் தாண்டியவன், தம்பி மகனின் மூன்று பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கொசு கடிச்ச மாதிரி" என்று சட்டையைத் தூக்கி நாலு அங்குலத் தழும்பை நர்ஸுக்குக் காட்டினான். பிறகு பில்லை வாங்கிப் படித்தான். கையுறை, பஞ்சு, முகமூடி இவற்றுக்குக் கம்பெனி பணம் தராது.

"அப்ப டாக்டர் வெறுங்கையாலயா பண்ணணும்கிறான்?"

6,840 ரூபாய் கட்டினேன். 1978-இல் மில் முதலாளி பெட்ரோல் காசை வாங்க மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆன செலவு, அந்த வார்டு டீ.