எல்க் வேட்டை: சேர்த்த புள்ளிகளை எங்கே செலவிடுவது?

கேள்வி: எல்க் வேட்டையில் 'முன்னுரிமைப் புள்ளி' என்பது என்ன?

பதில்: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ராக்கி மலைத்தொடரை ஒட்டி வாழும் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட விரும்புவோரின் எண்ணிக்கை, மாநில வனவிலங்குத் துறைகள் ஆண்டுதோறும் வழங்கும் உரிமங்களை விடப் பல மடங்கு மிகுதி என்பதால், சிறந்த வேட்டைப் பிரிவுகளுக்கான உரிமம் குலுக்கல் வழியாகவே கிடைக்கிறது. அக்குலுக்கலில் பெயர் விழாத ஒருவரை அடுத்த ஆண்டு வரிசையில் ஓரடி முன்னே நிறுத்துவதற்காக அவர் கணக்கில் ஏற்றப்படும் எண்ணே முன்னுரிமைப் புள்ளி. ஒரு மாநிலத்தில் சேர்த்த புள்ளி அடுத்த மாநிலத்தில் செல்லாது. அதை விற்கவும் முடியாது. விரும்பிய உரிமம் கிடைத்த அன்றே அது சுழியமாகிவிடும்.

கேள்வி: எல்லா மாநிலங்களிலும் விதி ஒன்றுதானா?

பதில்: இல்லை, எங்கே செலவிடுவது என்ற கேள்வி பிறப்பதே இந்த வேறுபாட்டால்தான். கொலராடோவில் மிகுதியான புள்ளி வைத்திருப்பவருக்கே முதலிடம் என்ற வரிசை முறை ஓங்கியிருக்கிறது. வயோமிங், வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்கும் உரிமங்களில் 75 விழுக்காட்டைப் புள்ளி வரிசைப்படியும் எஞ்சிய 25 விழுக்காட்டைப் புள்ளி பாராத குலுக்கலிலும் தருகிறது. நெவாடாவில் இருப்பது போனஸ் புள்ளி, அதாவது வரிசையில் இடம் தராமல் பானைக்குள் ஒருவருடைய சீட்டுகளைப் பெருக்கும் புள்ளி. அங்கே புள்ளியை அதே எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவதால், மூன்று புள்ளி உள்ளவருக்குப் பத்துச் சீட்டும், பத்துப் புள்ளி உள்ளவருக்கு நூற்றொரு சீட்டும் கிடைக்கின்றன. ஆனால் நூற்றொரு சீட்டு உள்ளவரும் தோற்கலாம், ஒற்றைச் சீட்டுக்காரரும் வெல்லலாம். வரிசை என்பது உறுதி, பானை என்பது நம்பிக்கை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுபவர் இரண்டிலும் ஏமாறுவார்.

கேள்வி: கொலராடோவில் பதினைந்து புள்ளி சேர்த்துவிட்ட ஒருவர், பெயர்பெற்ற பிரிவுகளுக்காக இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கொலராடோவின் வடமேற்கு மூலையிலுள்ள 2, 10, 201 ஆகிய பிரிவுகளில் நல்ல பருவத்து ஆண்மான் உரிமம் பெற, வெளிமாநிலத்தார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புள்ளி சேர்த்திருக்க வேண்டியுள்ளது. அந்த எல்லையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வேட்டைக்காரர்கள் 'பாயின்ட் கிரீப்' என்று குறிப்பிடும் புள்ளி ஏற்றம், அதாவது ஒரு பிரிவுக்குத் தேவையான புள்ளி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போவது, காத்திருப்பவர் நடக்கும் வேகத்திலேயே, சில ஆண்டுகளில் அதைவிட விரைவாகவும், இலக்கை நகர்த்துகிறது. விண்ணப்பம் போடாமல் புள்ளியை மட்டும் ஆண்டுதோறும் சேர்த்து வருவோர் கண்ணுக்குத் தெரியாத வரிசையாகப் பின்னே நின்று, ஏதேனும் ஓர் ஆண்டில் திடீரென்று முன்னே வந்து சேர்வதும் இதற்கு ஒரு காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பிரிவில் ஆண்டுக்குப் பத்து உரிமம். முன்னே முந்நூறு பேர். கடைசியில் நிற்பவருக்கு முப்பது ஆண்டு. உரிமம் ஏழாகக் குறைந்தால் அதுவே நாற்பத்துமூன்று ஆண்டாகும். ஐம்பது வயதில் வரிசையில் சேர்ந்தவர் தொண்ணூற்றுமூன்று வயதில் அம்பும் வில்லுமாக மலையேற வேண்டியிருக்கும். உரிமம் குறைவதும் வெறுங்கற்பனை அன்று: 2022–23 குளிர்காலத்தின் கடும்பனியில் இதே வடமேற்குப் பகுதியில் எல்க் கூட்டங்கள் பெருமளவு மடிந்ததால், கொலராடோ அங்கே உரிமங்களைக் குறைத்தது. புள்ளி என்பது வட்டி தராமல் ஆண்டுதோறும் மதிப்பிழக்கும் வைப்புத்தொகை. உச்சப் புள்ளியில் இருப்பவர் இந்த ஆண்டே எடுத்துவிட வேண்டும். நடுவில் நிற்பவர் நடுத்தரப் பிரிவொன்றில் செலவிட்டுவிட்டு, அடுத்த ஆண்டு சுழியத்திலிருந்து துணிவோடு தொடங்க வேண்டும்.

கேள்வி: வயோமிங்கில் ஐந்தாறு புள்ளி உள்ளவர் என்ன செய்வது?

பதில்: சிறிதளவு புள்ளிக்கு மேற்கு மாநிலங்களில் கிடைக்கும் மிக நேர்மையான மாற்று, ஒரே பிரிவுக்குள் அடைக்காமல் பல பிரிவுகளில் நடமாட இடம் தரும் வயோமிங்கின் 'பொது உரிமம்' என்பதே இந்தக் கேள்வி-பதில் பகுதியின் தீர்ப்பு. பரந்த தேசிய வனநிலமும், நிறைந்த எல்க் கூட்டமும், செப்டம்பரில் ஆண்மான்கள் பெண்மான்களைக் கூவியழைக்கும் இணைசேரும் பருவமும் அங்கே ஒருங்கே அமைகின்றன. ஆயினும் இரண்டு விதிகளை மறக்கலாகாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குத் தெற்கே உள்ள டீட்டன் போன்ற காப்பு வனாந்தரங்களில், உரிமம் பெற்ற வழிகாட்டியோ வழிகாட்டும் அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடனின்றி வெளிமாநிலத்தார் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. வரைபடத்தில் அழகாகத் தெரியும் பாதி நிலம் இதனாலேயே கைவிட்டுப் போகும். அடுத்து, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பமும் போடாமல் புள்ளியும் வாங்காமல் விட்டால், சேர்த்த புள்ளிகள் அனைத்தும் அழிந்துவிடும்.

கேள்வி: பத்துப் புள்ளி உள்ளவர், புள்ளியே இல்லாத நண்பரையும் சேர்த்து விண்ணப்பிக்கலாமா?

பதில்: வயோமிங்கில் குழுவின் சராசரி எடுக்கப்படுவதால் இருவருக்கும் ஐந்து, கொலராடோவில் குழுவின் மிகக் குறைந்த புள்ளியே கணக்கு என்பதால் இருவருக்கும் சுழியம். நட்பு பெரிது, அதை வயோமிங்கில் காட்டுவது சிறந்தது.

கேள்வி: இடத்தைத் தேர்ந்தெடுக்கப் புள்ளி தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மாநிலத் துறைகள் வெளியிடும் குலுக்கல் வாய்ப்பு, வேட்டை வெற்றி விழுக்காடு, பொதுநிலத்தின் பரப்பு ஆகியவற்றைப் பார்ப்போர் பலர்; தம் உடலைப் பார்ப்போர் சிலர். முதிர்ந்த ஆண்மான் ஏறத்தாழ முந்நூறு கிலோ எடையுள்ளது. வீழ்த்திய இடம் மூவாயிரம் மீட்டர் உயரத்தில், சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருந்தால், எலும்பு நீக்கிய இறைச்சியைச் சுமந்துவரவே பலமுறை ஏறி இறங்க வேண்டும். அரிசோனாவின் செப்டம்பர் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெடும். உண்ணப்படாமல் வீணாகும் இறைச்சிக்கு எந்தக் கொம்பும் ஈடாகாது என்பதால், தனியே செல்பவர் புகழ்பெற்ற கொடுமலைப் பிரிவை விட்டு, பாதை அருகிலுள்ள எளிய பிரிவைத் தேர்வதே அறிவு.

கேள்வி: புள்ளியே இல்லாதவருக்கு வழி?

பதில்: உண்டு. ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் எல்க் குலுக்கலில் புள்ளிமுறை வைத்திருக்கவில்லை. நியூ மெக்சிகோவில் வழிகாட்டி இல்லாத வெளிமாநிலத்தாருக்குக் குலுக்கல் உரிமத்தில் 6 விழுக்காடே ஒதுக்கப்படுகிறது. எனினும் அந்த ஆறில் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு இல்லை. கொலராடோவிலும் இரண்டாவது விருப்பமாகக் கேட்ட உரிமம் கிடைத்தால் புள்ளி குறையாது. ஆகவே பெரும்பிரிவை முதல் விருப்பமாக எழுதுபவர், இரண்டாம் வரியைக் காலியாக விடாமல் எளிய பிரிவொன்றை எழுதுவது நல்லது.

கேள்வி: எப்போது முடிவெடுப்பது?

பதில்: வெளிமாநிலத்தாருக்கான வயோமிங் எல்க் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்திலும், கொலராடோ விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலும் முடிகின்றன; புள்ளி வைத்திருப்போர் அதற்கு முன்பே, பொங்கலுக்கும் ஜனவரிக் கடைசிக்கும் இடையே, வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட வேண்டும்.