விளம்பர இடைவேளையும் விருப்பப் பட்டியலும்: சோபாவை முன்வைத்து ஓர் ஆய்வு

பொறியியல் கலந்தாய்வு பற்றி நம்மிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரும் செயலிகள், சென்ற ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணோடு மூடியது என்று காட்டும் அட்டவணைகள், நாளிதழ்களின் வழிகாட்டி இணைப்புகள், கல்யாண மண்டபத்தில் பிஸ்கட் கொடுத்து நடத்தும் இலவசக் கருத்தரங்குகள் எல்லாம் உண்டு. ஆனால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான அந்தக் காலத்தில் பதினேழு வயதுப் பிள்ளையும் பெற்றோரும் எங்கே உட்கார்ந்து, எப்போது பேசுகிறார்கள் என்ற அடிப்படைக் கேள்வியை அறிஞர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் சோபாவில் உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடி, விளம்பரம் ஓடும்போது மட்டும் பேசுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் திருச்சி உறையூரில் ஒரு வீட்டின் முன்னறை. காலம் 2025ஆம் ஆண்டுக் கலந்தாய்வு. ஆய்வுக்குட்பட்டோர் நால்வர்: ப்ளஸ் டூ முடித்த மகள், தாய், தந்தை, தந்தையின் தாயார். தந்தையே ஆய்வாளராகவும் இருப்பதால் நடுநிலை கெடும் என்பார் தத்தம் வீட்டில் தனி ஆய்வு மேற்கொள்ளலாம். பாட்டியை விலக்கிவிட்டு ஆய்வைச் சுருக்கலாமா என்ற யோசனை இருந்தது. ரிமோட் அவர் கையில் இருந்தமையால் அது கைகூடவில்லை. நேர்காணல் முறையும் கைவிடப்பட்டது. "கொஞ்சம் பேசணும்" என்று தொடங்கியதுமே முதன்மைத் தகவலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முன்னோர் கொள்கைகளை மறுத்துவிட்டு மேலே செல்வது மரபு. சாப்பாட்டு மேசைக் கொள்கை வெளிநாட்டுப் படங்கள் வழியே நம் வீடுகளுக்குள் வந்தது. குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து மனம்விட்டுப் பேசும் என்பது அதன் சாரம். நம் வீட்டு மேசையில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணியும் மின்கட்டண ரசீதும் முன்பே அமர்ந்துவிட்டன. இடம் இருந்தாலும் பயனில்லை. மேசை முகத்துக்கு முகம் காட்டும். பதினேழு வயது முகத்தைப் பார்த்து "என்ன முடிவு பண்ணியிருக்க?" என்று கேட்டால் "பாத்துக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லே கிடைக்கும். அடுத்தது இருசக்கர வாகனக் கொள்கை. வண்டியின் பின்னால் பிள்ளையை உட்காரவைத்தால் முகம் தெரியாது, ஆகவே பேச்சு வரும் என்பர். கருத்து சரியே. ஆனால் ஹெல்மெட்டுக்குள் கேட்பது பாதிச் சொல்தான்; "மெக்கானிக்கல் வேணாம்" என்பது தில்லைநகர் சிக்னலில் "மெக்கானிக்கல் வேணும்" என்று கேட்டதற்குச் சான்று உண்டு. வாட்ஸ்அப் கொள்கை மறுப்புக்கும் தகுதியற்றது. தந்தை அனுப்பிய பதினோரு நிமிடக் கல்வி ஆலோசனை வீடியோவுக்கு மகள் கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்; வீடியோ திறக்கப்படவேயில்லை.

ஆக எஞ்சுவது சோபா. பழைய பொருளிலக்கணம் வகுத்த திணைகளுள் இது அடங்காமையின் புதிதாக ஒன்று வகுக்க வேண்டியதாயிற்று. நிலம், மூவர் அமரும் சோபா, நால்வர் அமர்ந்தது. பெரும்பொழுது, கத்திரி வெயிலில் தொடங்கி ஆடி முடிய. சிறுபொழுது, இரவுச் சாப்பாட்டுக்கும் பாட்டியின் மாத்திரைக்கும் இடைப்பட்டது. உணவு மிக்சர், பறை குக்கர் விசில். உயிரினங்களில் பல்லி முக்கியம். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிடும்" என்று பாட்டி சொன்னதும் டியூப்லைட் பின்னாலிருந்து அது ஒலி எழுப்பியது. தாய் அதைச் சாதகமாகவும் மகள் பூச்சி பிடித்ததாகவும் பொருள் கொண்டனர். உரிப்பொருள் பாராமையும் பாராமை நிமித்தமும். அதாவது எல்லோரும் திரையைப் பார்ப்பர். ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். அதனாலேயே வாய் திறக்கும்.

இனித் தந்தையின் பேச்சுரிமைக்கு வருவோம். தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்துக்குப் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது இந்தியக் கேபிள் தொலைக்காட்சி விதி. அரை மணி நேரத் தொடருக்கு அது 6 நிமிடம். ஒரு தகப்பன் மகளின் எதிர்காலம் பற்றி இரவொன்றுக்குப் பேசத்தக்க சட்டபூர்வ உச்சவரம்பு இதுவே என்க. தாய் அடுப்பை அணைத்துவிட்டு வரவும், பாட்டி விட்டுப்போன காட்சியை விளக்கிக் கேட்கவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது அதிலும் பாதி. தொடர் மீண்டும் தொடங்கிய பின் நீளும் வாக்கியம் "ஷ்ஷ்" என்ற ஒலியால் வெட்டப்படும்.

எந்த விளம்பரம் எந்தப் பேச்சைக் கிளப்பும் என்பதிலும் ஓர் ஒழுங்கு காணப்பட்டது. நகைக்கடை விளம்பரம் கல்விக்கட்டணத்தைக் கொண்டுவரும். சலவைத்தூள் விளம்பரம் ஹாஸ்டலைக் கொண்டுவரும். ஜீன்ஸை யார் துவைப்பார் என்ற கேள்வியைத் தாய் அப்போதுதான் எழுப்பினார். பசுமையான வளாகத்தில் பிள்ளைகள் லேப்டாப்போடு சிரித்துக்கொண்டு நடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக விளம்பரம் வந்தால் ஒருவரும் பேசுவதில்லை. தந்தை மட்டும் மனத்துக்குள் பெருக்கல் போடுவார்.

தொடர்களுக்குள் நுழைந்தால் ஆய்வுக்கு மிக வளமான களம் சன் டிவியின் 'எதிர்நீச்சல்'. 2022இல் தொடங்கி 2024இல் முடிந்து, அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகமாகத் திரும்பியது. இயக்குநர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரும் அவருடையதே. மகள் பிறந்தது கோலங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, ப்ளஸ் டூ முடித்தது எதிர்நீச்சலின் இரண்டாம் பாகத்தில். தலைமுறைகளை அரசர் பெயரால் கணக்கிட்ட வரலாற்றாசிரியர்கள் இனி இந்த முறையையும் பரிசீலிக்கலாம்.

படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்தும் ஆதி குணசேகரனின் வீடுதான் அந்தத் தொடரின் களம். கலந்தாய்வுக் காலத் தந்தைக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. பாடப்பிரிவு பற்றி அவர் சொல்லும் எதுவும் அந்த ஆளோடு ஒப்பிட்டே அளக்கப்படும். ஒரு விளம்பர இடைவேளையின் பதிவு இது:

"ஈசிஇ-யும் நல்ல பிராஞ்ச்தாம்மா" என்றார் தந்தை.

"குணசேகரன் மாதிரியே பேசாதீங்கப்பா" என்றாள் மகள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அவன் எங்கடி ஈசிஇ-ன்னு சொன்னான்?" என்றார் பாட்டி.

தாயின் முறை நுட்பமானது. அவர் மகளிடம் பேசுவதேயில்லை. அந்தத் தொடரின் மருமகள்களுள் ஒருத்தியான ஜனனியைப் பற்றிப் பேசுவார். "அந்தப் பொண்ணு பெத்தவங்க பக்கத்துல இருந்திருந்தா இவ்வளவு கஷ்டம் உண்டா?" என்பார். திருச்சியிலேயே சேர்ந்தால் என்ன என்பது இதன் பொருள். "பக்கத்துல இருந்திருந்தா பஸ் ஏறக்கூடத் தெரிஞ்சிருக்காது" என்று மகளும் ஜனனியைப் பற்றியே சொல்வாள். சென்னை, கோவை என்று பட்டியல் போட்டாயிற்று என்பது இதன் பொருள். ஜனனியின் பெயரால் நடந்த இந்த வழக்கு பல இரவுகள் நீண்டது. நேரடியாகப் பேசியிருந்தால் முதல் இரவே அழுகையில் முடிந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. வேறு கருத்து உடையோர் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர் அல்லர்.

கல்வியைப் பற்றிய தொடரே இதற்குப் பொருத்தம் என்று எண்ணுவோர் உண்டு. ராஜஸ்தானத்துப் பயிற்சி மையங்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் 'கோட்டா ஃபேக்டரி'யைத் தந்தை பரிந்துரைத்தார். "படிச்சதே போதாதா, படிக்கிறவங்களை வேற பார்க்கணுமா?" என்ற கேள்வியோடு அந்தச் சோதனை முடிந்தது.

திரை என்பது கலந்தாய்வுக்குப் புதிதன்று என்பதையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். 2018இல் எல்லாம் இணையத்துக்கு மாறும் முன், மாணவரும் பெற்றோரும் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே போய், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் மாறிக்கொண்டே இருக்கும் எண்களைப் பார்த்தபடி காத்திருந்தனர். வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து, கையில் கோப்போடு, குடும்பமாக உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி அது. பதற்றம், திருப்பம், கடைசி நேரத்தில் கைநழுவிப் போகும் இடம் என எல்லாமே அதில் இருந்தன. வீட்டுத் திரையும் ஒரு காலத்தில் கலந்தாய்வுக்குத் துணைநின்றது: தமிழ் பிக் பாஸின் முதல் மூன்று பருவங்களும் 2017 முதல் 2019 வரை சரியாக ஜூனில் தொடங்கியவை. அந்த ஆண்டுகளின் பெற்றோர் கொடுத்துவைத்தவர்கள். வீட்டில் யாரை வெளியேற்றலாம் என்ற எண்ணம் எழும்போதெல்லாம் வாக்களிக்க ஓரிடம் இருந்தது. 2020இலிருந்து நிகழ்ச்சி அக்டோபருக்குப் போய்விட்டது. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனபின் வாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2025க்குத் திரும்புவோம். ஜூன் 11 அன்று ரேண்டம் எண் வெளியானது. பத்து இலக்கம். கட்-ஆஃப் முதல் பிற மதிப்பெண்கள் வரை எல்லாவற்றிலும் இருவர் சமமாக நின்றால் மட்டுமே அது வேலைக்கு வரும். ஆயினும் தாய் அதை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி, கூட்டி, ஒற்றை இலக்கமாக்கி, மகளின் பிறந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். மதுரையிலிருந்து சித்தி போன் செய்து, "ரேண்டம் நம்பர் நல்லா வந்திருக்காக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இன்றளவும் விடை காணப்படவில்லை.

ஜூன் 27, வெள்ளிக்கிழமை. தரவரிசைப் பட்டியல் வெளியானது. அதே நாளில் நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்க்விட் கேம்' மூன்றாம் பருவமும் வெளியானது. முதலாவது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எண் போட்டு வரிசையில் நிறுத்துவது. இரண்டாவது, 456 பேருக்கு எண் போட்டு மைதானத்தில் நிறுத்துவது. இவற்றை ஒரே நாளில் வைத்தவர் யாராயினும் ஆய்வுலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. வயது வந்தோருக்கான தொடரை மகள் பார்க்கலாமா என்ற அறநெறிச் சிக்கல், பாட்டியின் வயதையும் சேர்த்துச் சராசரி எடுத்ததில் தீர்ந்தது. தமிழில் பேசும் கொரியர்கள் பச்சை உடையில் நெஞ்சில் எண்ணோடு ஓடக்கண்ட பாட்டி, "நம்ம பாப்பாவுக்கு என்ன நம்பர் வந்திருக்கு?" என்று கேட்டார். சொன்னார்கள். "இவங்களைவிடப் பின்னாடியா?" என்று கவலைப்பட்டார். அன்றிரவு முதல் அத்தியாயத்தோடு நிறுத்தப்பட்டது. மிச்சத்தை இடம் கிடைத்தபின்தான் பார்ப்பது என்று மகள் விரதம் பூண்டாள்.

விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். இந்த அளவற்ற கருணையே இதன் ஆபத்து. கல்லூரிகள் பெயரை இழந்து எண்களாகிவிடும்: கிண்டி 1, பிஎஸ்ஜி 2006, தியாகராசர் 5008. "2006 கிடைக்குமான்னு பார்க்கணும்" என்று மகள் சொன்னபோது, "2006ல நீ பிறக்கவே இல்லையேடி" என்றார் பாட்டி. பட்டியலின் மேல் பகுதி எதிர்நீச்சல் இடைவேளைகளில் உருவாயிற்று. நடுப்பகுதி வார இறுதிச் சமையல் நிகழ்ச்சியில். கடைசிப் பகுதியை யார் போட்டார் என்பது குறித்துப் பாடபேதம் உண்டு. தாயின் விருப்பமான திருச்சிக் கல்லூரி ஒன்று கீழே இடைச்செருகலாக வந்திருப்பதை மகள் ஒரு விளம்பரத்தில் கண்டுபிடித்தாள். அடுத்த விளம்பரத்தில் மன்னித்தாள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள். சேர்கிறேன் என்று முடித்துக்கொள்ளலாம். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' என்றும் கொடுக்கலாம். பின்னதன் பொருள், கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறேன், பட்டியலில் மேலே உள்ளது காலியானால் அங்கே போகிறேன் என்பது. இதைத் தந்தை விளக்க முயன்றார். கட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, இரண்டு விளம்பர இடைவேளைகளைச் செலவிட்டார். பாட்டி குறுக்கிட்டார்: "இதுல என்னடா இருக்கு? இந்த சீரியல் ஓடட்டும், அந்தச் சேனல்ல நல்லதா வந்தா மாத்திக்கலாங்கறீங்க. நான் தினமும் செய்றதுதானே." இதைவிடத் தெளிவான விளக்கத்தை ஆய்வாளர் வேறெங்கும் கண்டிலர். அன்றிரவே அப்வேர்ட் கொடுக்கப்பட்டது. கோவையில் ஒரு கல்லூரியில், கேட்ட பிரிவே கிடைத்தது.

ஓடிடி தளங்களுக்கு எதிராக இந்த ஆய்வு வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அவற்றில் பணம் கட்டி விளம்பரத்தை ஒழித்துவிடலாம். விளம்பரம் ஒழிந்தால் தந்தையும் ஒழிந்தார். தாமாக நிறுத்திவிட்டுப் பேசலாமே என்பர். விளம்பரத்தின்போது பேசுவது உரையாடல். படத்தை நிறுத்திவிட்டுப் பேசுவது விசாரணை. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் விரதம் கலைந்து, ஸ்க்விட் கேமின் மிச்ச அத்தியாயங்களைக் கடைசி ஒன்று நீங்கலாகப் பார்த்த இரவுகளில் கல்லூரி பற்றி ஒரு சொல்கூடப் பேசப்படாமைக்குக் காரணம் இதுவே. இன்னும் பார்க்கிறீர்களா என்று தளமே கேட்டு நிற்கும் ஓர் இடைவேளை உண்டு. அதற்குள் தந்தை தூங்கியிருப்பார்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை ஆயுத பூஜை விடுமுறைக்கு மகள் வந்ததும் நால்வருமாகப் பார்ப்பது, அதுவரை எவரும் தொடக்கூடாது என்று ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரே வீட்டில் இருப்போருக்கு மட்டுமே கணக்கு என்று நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டதால் மகள் கோவையிலிருந்து மீறுவது அரிது. வீட்டில் இருப்போர் மீறுவதற்குத் தடையேதும் இல்லை. ஒரு நாள் காலையில் அந்த அத்தியாயத்தின் கீழ்ச் சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருக்கக் காணப்பட்டது. தாய் மறுத்தார். அன்றிரவு கோவையிலிருந்து போன் வந்தது, ஸ்பீக்கரில் போடப்பட்டது.

"பாட்டி, நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்கடி பார்த்தேன், எனக்கு அதெல்லாம் போடத் தெரியுமா? அது பாட்டுக்கு ஓடுச்சு."

"பாட்டி..."

"அந்தக் கைக்குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படித் தூங்குறது? நீ கவலைப்படாதே, குழந்தைக்கு ஒண்ணும் ஆகல."

"சொல்லாதீங்க! போனை வைக்கிறேன்."

"வைடி. ஆனா அந்தப் பெரியவன் இருக்கான் பாரு..."